மங்கு முகத்தில், கொள்ளை கடையில்!

மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி, காவிரியிலும் வெண்ணாற்றிலும் பிரிந்து, கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தால் தஞ்சைத் தரணியில் குறுவை நடவு தொடங்கிவிடும். வயலில் இறங்குகிறவர்கள் யார்? நமது தாய்மார்கள், சகோதரிகள். காலையில் இறங்கினால் உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் கரையேறுகிறார்கள். மேலே சூரியன். கீழே கண்ணைக் கூசும் தண்ணீர். நடுவே குனிந்த முகம்.

அந்த முகங்களைக் கவனித்துப் பாருங்கள். முப்பது வயதைத் தாண்டிய எத்தனை பெண்களின் கன்னங்களில், நெற்றியில், மூக்கின் மேல், மேலுதட்டின் மேல் கறுத்த திட்டுகள்! மையைத் துடைத்து விட்டது போன்ற கறை. இதைத்தான் நம் ஜனங்கள் மங்கு என்கிறார்கள்.

மங்கு விழுந்தவளிடம் ஊர் என்ன சொல்கிறது? ஜோசியர் மங்கு முகத்துக்கும் மங்கு சனிக்கும் முடிச்சுப் போட்டு, பரிகாரத்துக்குப் பணம் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரி, "முகத்தை ஒழுங்காக் கழுவ மாட்டியா?" என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் தாய்க்கு மங்கு இருந்தால் மகளுக்கும் வருமே என்று சொல்லி, நகையில் இரண்டு பவுன் கூட்டுகிறார்கள். கடைத்தெருவில் ஒருவன் களிம்பை நீட்டி, கூலிப் பணத்தைப் பிடுங்குகிறான்.

நாம் சொல்கிறோம்: மங்கு அழுக்கு அல்ல. பாவத்தின் தண்டனை அல்ல. சனியின் வேலை அல்ல. தொற்று வியாதியும் அல்ல. அதில் பெரும் பங்கு வெயிலின் வேலை. நிழல் இல்லாமல் உழைக்க வைப்பவர்களின் வேலை. அதற்குமேல் அதை ஆறவிடாமல் நஞ்சைப் பூசி லாபம் அடிக்கிறவர்களின் வேலை!

"இது ஒரு விஷயமா?"

நம் தோழர்களிலேயே சிலர் முகம் சுளிப்பார்கள். "கூலிப் பேச்சுவார்த்தை நடக்கிற நேரத்தில் மூஞ்சியில் இருக்கும் கறையைப் பற்றியா எழுதுவது? இது பெண்களின் அலங்கார விஷயம்" என்பார்கள்.

அந்தத் தோழர்களைக் கேட்கிறோம். உங்கள் வீட்டுப் பெண், நடவுக் கூலியில் ஒரு பங்கை மாதந்தோறும் களிம்புக்குக் கொடுக்கிறாளே, அது கூலிப் பிரச்சினை இல்லையா? அந்தக் களிம்பால் முகம் வெந்து, வெயிலில் நிற்க முடியாமல் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடக்கிறாளே, அது வேலைப் பிரச்சினை இல்லையா? தன் முகத்தை மறைத்துக்கொண்டு, கூட்டத்தில் முன்னால் வந்து உட்காரத் தயங்குகிறாளே, அது சங்கப் பிரச்சினை இல்லையா? உழைப்பாளியின் உடம்பில் நடப்பது எல்லாம் உழைப்பாளியின் பிரச்சினைதான்.

மங்கு எப்படி வருகிறது?

நமது தோலுக்குள் நிறத்தை உண்டாக்கும் நுண்ணிய உயிரணுக்கள் இருக்கின்றன. அவை தயாரிக்கும் கறுப்புப் பொருளுக்கு மெலனின் என்று பெயர். வெயில் தாக்கும்போது அவை மெலனினைக் கூடுதலாகச் சுரந்து தோலுக்குக் குடை பிடிக்கின்றன. ஆம், கறுப்பு என்பது இயற்கை கொடுத்த குடை! வெயிலால் வரும் தோல் புற்றுநோய் வெள்ளைக்காரரை வாட்டுகிற அளவுக்கு நம்மை வாட்டாததற்கு இந்த மெலனினே காரணம். ஆகவே கறுப்பு நிறம் வியாதி அல்ல. அதற்கு வைத்தியம் தேவையில்லை. இதை முதலில் மனதில் ஆணி அடித்தாற்போல் பதித்துக் கொள்ள வேண்டும்.

மங்கு வேறு. சில இடங்களில் மட்டும் அந்த உயிரணுக்கள் அளவுக்கு மீறி வேலை செய்து, நிறத்தைத் திட்டுத் திட்டாகக் கொட்டிவிடுகின்றன. அதற்கு நான்கு காரணங்களை டாக்டர்கள் முக்கியமாகச் சொல்கிறார்கள். ஒன்று, வெயில். இரண்டு, கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடம்பில் ஊறும் சுரப்புகள். மூன்று, கருத்தடை மாத்திரை. நான்கு, பரம்பரை. ஆண்களுக்கும் வரும், ஆனால் பெண்களுக்கே அதிகம். கர்ப்பத்தில் விழுந்த மங்கு, பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்குத் தானாகவே வெளுத்துவிடும். ஆனால் பச்சை உடம்புக்காரி மறுபடி வெயிலில் இறங்கினால்? வெளுக்க வேண்டியது நிலைத்துவிடும்.

அடுப்புச் சூடும் மங்கைத் தூண்டும் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள். நெல் அவிக்கும் ஆலைகளில் வேலை செய்யும் நம் சகோதரிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் உமி எரியும் அடுப்பு. இன்னொரு பக்கம் சிமெண்டுக் களத்தில் பரப்பிய அவித்த நெல். அந்தக் களத்தில் வெறுங்காலோடு நடந்து நடந்து நெல்லைத் துழாவ வேண்டும். உச்சி வெயிலில் நெல் காய்கிறது. கூடவே முகமும் காய்கிறது.

பங்களாவில் இருப்பவளுக்கு மங்கு வராதா? வரும். ஆனால் டாக்டர் "வெயிலில் போகாதே" என்றால் அவளால் போகாமல் இருக்க முடியும். நாற்றுக்கட்டைத் தூக்குகிறவளால் முடியுமா? வைத்தியத்தின் முதல் வார்த்தையே அவளுக்குக் கிடைக்காத பண்டம்.

"குடை பிடிக்காதே!"

நிழல் என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நமக்குப் பக்கத்து இராமநாதபுரம் ஜில்லாவில், 1930 டிசம்பரில், ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஜாதி பற்றிய தமது புத்தகத்தில் அவற்றை வரிசைப்படுத்தி எழுதி வைத்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மார்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்புப் போடக் கூடாது!

பார்த்தீர்களா! வெயிலுக்குக் குடை பிடிப்பதே குற்றம்! உழைக்கிறவன் முதுகில் வெயில் விழுந்தாக வேண்டும் என்று சட்டம்!

தஞ்சை ஜில்லா மட்டும் என்ன வாழ்ந்தது? மிராசுதாரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். செருப்புக் கைக்கு ஏற வேண்டும். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். இந்தக் கொடுமைக்கு முடிவு கட்ட வந்தவர்தான் தோழர் பி. சீனிவாசராவ். அவரும் இந்த மண்ணின் பண்ணையாட்களும் சேர்ந்து போராடியதன் பலனாக, 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் தடை எழுதப்பட்டது. துண்டு தோளுக்கு ஏறியது, தலைக்கும் ஏறியது.

இன்று நடவு வயலில் பாருங்கள். புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு நம் பெண்கள் நடுகிறார்கள். பட்டணத்துக்காரன் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். அது போராடிப் பெற்ற நிழல்! தலைத் துண்டும் சட்டையும் யாரும் பிச்சை போட்டவை அல்ல. அந்தத் துண்டின் விளிம்பை இன்னும் நாலு விரல் முன்னால் இழுத்து முகத்துக்கும் நிழல் தர வேண்டும் என்பதுதான் மங்கு வைத்தியத்தின் முதல் பாடம்.

களிம்புக் கடையில் நடப்பது என்ன?

சாயங்காலம். கூலி வாங்கிய கையோடு ஒரு சகோதரி மருந்துக் கடைக்குப் போகிறாள்.

"தம்பி, இந்த மங்குக்கு ஏதாச்சும் களிம்பு இருக்கா?"

"இருக்குக்கா. பத்தே நாளுல மூஞ்சி பளிச்சுன்னு ஆயிடும்."

டாக்டர் சீட்டு எங்கே என்று அந்தத் தம்பி கேட்கவில்லை. கர்ப்பமா என்று கேட்கவில்லை. எத்தனை நாள் பூச வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. காசை வாங்கிக் கல்லாவில் போட்டான். கதை முடிந்தது. அவளுக்கோ கதை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

அந்தக் குழாய்க்குள் இருப்பது பல சமயங்களில் ஸ்டீராய்டு. டாக்டர் கையில் அது அருமையான மருந்து. கண்டவன் கையில் அது கத்தி. முதல் வாரம் திட்டு வெளுக்கும். முகம் மினுமினுக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன பூசினாய் என்று கேட்பார்கள். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் தோல் காகிதம் போல் மெலியும். சிவந்து எரியும். உள்ளே ஓடும் சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பருக்கள் கிளம்பும். முகத்தில் ரோமம் முளைக்கும். பூசுவதை நிறுத்தினால் எரிச்சல் தாங்காது; மங்கு முன்னைவிடக் கறுத்துத் திரும்பி வரும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதே குழாயை வாங்குவாள். கள்ளுக்கடைக்காரனுக்குக் குடிகாரன் கிடைத்தது போல, களிம்புக்காரனுக்கு ஆயுள் வாடிக்கை கிடைத்துவிட்டது!

நாம் மிகைப்படுத்தவில்லை. இந்தியாவின் பல ஊர்களில் 12 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த தோல் டாக்டர்கள், முகத்தில் தோல் வியாதியோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011-ல் கணக்கு வெளியிட்டார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேருக்கு ஒருவர்! தோல் டாக்டர்களின் சங்கம் ஓயாமல் குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய சர்க்கார் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் காகிதத்தில் இருக்கிறது. குழாய் கடையில் தொங்குகிறது.

இன்னொரு நஞ்சும் உண்டு. பாதரசம்! பெயர் தெரியாத கம்பெனியின் "சிவப்பழகு" டப்பாக்களில் அது கலந்து வருகிறது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. ஆகவே முகம் வெளுக்கிறது. ஆனால் அது முகத்தோடு நிற்பதில்லை; தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. பக்கத்துக் கேரளத்தில், மலப்புறம் ஜில்லாக் கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். சிறுநீரகத்தின் சல்லடை கெட்டு, சிறுநீரில் புரதம் கொட்டும் நோயோடு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் ஓர் அபூர்வ வகை. டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள். அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்! களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். நிறுத்தாதிருந்தால்?

பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் ஜப்பானில் மினமாட்டா என்ற பெயரால் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. மினமாட்டா, தொழிற்சாலை கடலில் கொட்டிய பாதரசத்தால் மீனவர்கள் முடமான ஊர். இந்தியா 2018-ல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து டில்லியில். டப்பா விற்பனை நம் தெருவில்.

1975: ஒரே வருஷம், இரண்டு காரியம்

1975-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு டாக்டர்கள், மூன்று மருந்துகளைக் கலந்து தோலின் திட்டுகளை வெளுக்க வைக்கும் முறையை வெளியிட்டார்கள். அதில் ஒன்று ஹைட்ரோகுயினோன், இன்னொன்று டிரெட்டினாயின், மூன்றாவது ஸ்டீராய்டு. அளவோடு, சில வாரங்கள், டாக்டர் கண்காணிப்பில் பூச வேண்டிய மருந்து அது. மங்குக்கு இன்றும் டாக்டர்கள் அந்த வழியைப் பின்பற்றுகிறார்கள்.

அதே 1975-ல் இந்தியாவில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி "ஃபேர் அண்ட் லவ்லி"யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, பூசினால் இரண்டும் கிடைக்கும் என்று நாற்பத்தைந்து வருஷம் விளம்பரம் ஓடியது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வீதிக்கு வந்து போராடிய 2020-ல்தான், கம்பெனி "ஃபேர்" என்ற சொல்லைக் கழற்றிவிட்டு "குளோ" என்று மாற்றியது. பெயர் மாறியது. மனிதரை நிறம் பார்த்து எடை போடும் புத்தி மாறியதா?

விளம்பரம் சிவப்பு மோகத்தை விதைத்தது. சின்னச் சின்ன மருந்துக் கம்பெனிகள் அதை அறுவடை செய்தன. டாக்டரின் மூன்று மருந்துக் கலவையையே சிவப்பழகுக் களிம்பாக்கி, கேட்பவர் கையில் எல்லாம் கொடுத்தார்கள். இப்படித்தான் வியாதிக்கு வந்த மருந்து வியாதியை உண்டாக்கும் சரக்காயிற்று. மருந்து கெட்டது அல்ல. லாபத்துக்காக அதை மருந்து நிலையிலிருந்து இறக்கினார்களே, அதுதான் கெட்டது.

எல்லாக் கறுப்பும் மங்கு அல்ல

இன்னொரு விஷயம். கறுத்த திட்டு என்றால் எல்லாம் ஒன்றல்ல. உடம்பு சில சமயம் தோல் மூலமாகத் தந்தி அனுப்புகிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்டுத் துணி போல் தடித்துக் கறுத்தால், அது பலருக்குச் சர்க்கரை வியாதியின் முன்னறிவிப்பு. கல்லை வைத்துத் தேய்த்தாலும் போகாது. ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. பணக்கார வியாதி என்ற பழைய பேச்சு இனி செல்லாது.

மில் தொழிலாளிகளே, உங்கள் கணுக்காலைப் பாருங்கள். ஸ்பின்னிங் மிஷின் முன்னால் வருஷக்கணக்கில் நின்றவர்களுக்குக் காலில் ரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டு, கணுக்காலுக்கு மேல் தோல் பழுப்பாகி, கறுத்து, கடைசியில் ஆறாத புண்ணாகும். அது களிம்புக்கு அடங்காது. உட்கார இடம் வேண்டும். 1948 தொழிற்சாலைச் சட்டம் தனது 44-வது பிரிவில், நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று எழுதியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரத் தமிழக சட்டமன்றம் 2021-ல் தனிச் சட்டத் திருத்தமே கொண்டு வந்தது. எழுதியதை எத்தனை முதலாளிகள் செய்தார்கள்?

பாய்லர் அருகே நிற்பவரின் முழங்காலுக்குக் கீழே வலை பின்னினாற்போல் கறுத்தால், அது நெருப்புச் சூட்டின் தடம். ஈரத் துணியோடு சேற்றில் வேலை செய்கிறவரின் தொடையிடுக்கில் வட்ட வட்டமாக அரித்துக் கறுத்தால், அது படர்தாமரை. அதற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும். படை உள்ளுக்குள் பரவும். நெற்றியில் பொட்டு வைக்கிற இடம் மட்டும் கறுத்தால், அது மலிவுக் குங்குமச் சாயத்தின் வேலையாக இருக்கலாம்.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு வந்து, அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாமல் மரத்திருந்தால், ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள். அது குஷ்டமாக இருக்கலாம். அதற்குக் கூட்டு மருந்து இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகிறது. மறைப்பதில்தான் ஆபத்து.

தோலின் திட்டுக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறோம். நூறு வருஷங்களுக்கு முன்னால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லக்ரா என்ற நோய் ஏழைகளை வாரிக்கொண்டு போயிற்று. கையிலும் கழுத்திலும் முகத்திலும், வெயில் படும் இடமெல்லாம் தோல் சிவந்து, கறுத்து, உரியும். பிறகு வயிற்றுப்போக்கு, புத்தி மாறாட்டம், சாவு. கிருமியால் வரும் நோய் என்றார்கள் படித்தவர்கள். அழுக்கு ஜனங்களின் நோய் என்றார்கள் பணக்காரர்கள். ஜோசப் கோல்ட்பர்கர் என்ற டாக்டர் மறுத்தார். கிருமி இல்லை என்று காட்ட, நோயாளியின் ரத்தத்தைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். 1916-ல் சைடன்ஸ்டிரிக்கர் என்ற பொருளாதார நிபுணரோடு சேர்ந்து, தென் கரோலினாவின் ஏழு பருத்தி ஆலைக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய பெல்லக்ரா கூடியது. வருமானம் ஏற ஏற நோய் மறைந்தது. பாலும் இறைச்சியும் காய்கறியும் வாங்க முடியாமல், வெறும் மக்காச்சோளத்தால் வயிற்றை நிரப்பிய ஆலைத் தொழிலாளியின் தோல்தான் கறுத்து உரிந்தது. 1937-ல் நியாசின் என்ற சத்துதான் அந்த நோயைத் தீர்க்கும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் நோய்க்குப் பெயர் வேறு, வேர் வேறு. வேர் கூலியில் இருந்தது!

சரி, வைத்தியம் என்ன?

நடவு வேலைக்குப் போகிற சகோதரிக்கு, செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, நிழல். நெருக்கமாக நெய்த அழுத்தமான துணி, முழுக்கைச் சட்டை, நெற்றிக்கும் கன்னத்துக்கும் நிழல் விழும்படி முன்னால் நீட்டிக் கட்டிய துண்டு, அல்லது விளிம்பு அகன்ற ஓலைத் தொப்பி. நனைந்து ஒட்டிய மெல்லிய துணி வெயிலை உள்ளே விடும்.

இரண்டாவது, வெயில் தடுப்புக் களிம்பு. வெயிலில் இறங்குவதற்கு முன் பூச வேண்டும். வியர்வையில் கரைந்தால் மறுபடி பூச வேண்டும். தோல் நிறச் சாயம் கலந்தது மங்குக்கு இன்னும் நல்லது; கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கறுக்க வைக்கும் என்பதால்.

மூன்றாவது, டாக்டர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. திருவாரூரில் மருத்துவக் கல்லூரி 2010-லும் நாகப்பட்டினத்தில் 2022-லும் வந்துவிட்டன. அங்கே காட்டி, டாக்டர் சொன்ன மருந்தை, சொன்ன நாள் மட்டும் பூசுங்கள். கர்ப்பம் இருந்தாலும், பால் கொடுத்தாலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று வழி கேளுங்கள்.

நான்காவது, பொறுமை. மங்கு வாரத்தில் போகாது. மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு மறையாமல் வெளுக்க மட்டும் செய்யும். நிழலை விட்டால் மீண்டும் வரும். பத்து நாளில் போகும் என்பவன் பொய்யன்.

ஐந்தாவது, செய்யக் கூடாதவை. எலுமிச்சம் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து மேலும் கறுக்கும். ஜாதிக்காயை உரசி அழுத்தித் தேய்த்து எரிச்சல் உண்டானால் அந்த எரிச்சலே புதுக் கறையாகும். கல், நார், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். மாதக்கணக்கில் கடைக் களிம்பு பூசியவர்கள், அந்தக் குழாயையே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். என்ன பூசினீர்கள் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

வெயில் தடுப்புக் களிம்பு விலை என்ன? ஒரு சின்னக் குழாய் விலையைக் கேட்டாலே நடவுக்காரிக்கு மயக்கம் வரும். இதை எப்படி வாங்குவது என்று அவள் கேட்டால் டாக்டரிடம் பதில் இல்லை. சர்க்காரிடம் பதில் இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் தான்சானியா ஏழை நாடு. அங்கே தோலில் நிறமே இல்லாமல் பிறந்தவர்களை வெயில் புற்றுநோயிலிருந்து காப்பாற்ற, மோஷி நகரில் உள்நாட்டிலேயே வெயில் தடுப்புக் களிம்பு தயாரித்து இலவசமாகக் கொடுத்தார்கள். தான்சானியாவில் முடிந்தது, 1994-லேயே மருந்து கொள்முதலுக்குத் தனிக் கழகம் அமைத்து நாட்டுக்கு வழிகாட்டிய தமிழ்நாட்டில் முடியாதா?

ஆகவே நாம் கேட்கிறோம்:

வெயிலில் உழைப்பவர்களுக்கு வெயில் தடுப்புக் களிம்பை இலவச மருந்துப் பட்டியலில் சேர்! தாலுகா ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒரு நாளாவது தோல் டாக்டரை உட்கார வை! டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடைகளின் மீதும், பாதரச டப்பாக்களின் மீதும் நடவடிக்கை எடு! வயலிலும் உலர்களத்திலும் உச்சி வேளைக்கு ஓய்வு கொடு, கூலியைக் குறைக்காதே! பந்தல், குடிநீர், தொப்பி கொடு! நின்று வேலை செய்கிறவருக்கு இருக்கை கொடு!

இவை ஆகாசத்து நிலவைக் கேட்பதல்ல. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் வேலைத்தளத்தில் நிழலும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் வேண்டும் என்று எழுதியது. 2024-ல் தமிழக சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயில் பேரிடர் என்று ஒப்புக்கொண்டவர்கள், அந்தப் பேரிடரில் தினமும் நிற்கிறவளுக்கு ஒரு பந்தல் போடக் கடமைப்பட்டவர்கள்.

விவசாயத் தொழிலாளர் கிளைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் பெண்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள். யார் என்ன களிம்பு பூசுகிறார்கள் என்று கேட்டு, குழாய்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு பத்துப் பேராகச் சேர்ந்து தோல் டாக்டரிடம் போங்கள். ஒருத்தி தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். பத்துப் பேர் போனால் உட்காரச் சொல்வார்கள்.

சகோதரிகளே! உங்கள் கறுப்பு உங்கள் குற்றம் அல்ல. உங்கள் மங்கு உங்கள் வெட்கம் அல்ல. ஊருக்குச் சோறு போட வெயிலில் நின்றதன் அடையாளம் அது. ஆனாலும் அதைப் பெருமை என்று சொல்லி உங்களை வெயிலிலேயே நிறுத்தி வைக்க நாங்கள் வரவில்லை. அது ஆற வேண்டும், ஆற்ற முடியும்.

1930-ல் அவர்கள் சொன்னார்கள்: "வெயிலுக்குக் குடை பிடிக்காதே!"

நாம் சொல்கிறோம்: பிடி!